திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா? பயோமெடிக்கல் பட்டதாரிக்கு ஒரு வழிகாட்டி

பி.இ. பயோமெடிக்கல் முடித்துவிட்டீர்கள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "அப்போ நீ டாக்டரா, லேப் டெக்னீஷியனா?" உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியும், ஆனால் ஒரு வரியில் சொல்ல வராது. உங்கள் அப்பா அம்மாவுக்கும் அதே சங்கடம்தான். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

இந்தப் படிப்பு எதைப் பற்றியது? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டும் மானிட்டர், மூச்சுக்குத் துணை நிற்கும் வென்டிலேட்டர், மருந்தைத் துல்லியமான அளவில் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப், டிஃபிப்ரிலேட்டர் (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி). இவற்றை வடிவமைப்பது, சோதிப்பது, மருத்துவமனையில் நிறுவுவது, பழுது பார்ப்பது எல்லாம் உங்கள் துறை. டாக்டரும் நர்ஸும் நம்பிப் பயன்படுத்தும் கருவிக்குப் பொறுப்பேற்பவர் நீங்கள்.

பயோடெக்னாலஜியும் இதுவும் ஒன்றா? இல்லை. அங்கே உயிரணு, நொதி, தடுப்பூசி. இங்கே மின்சுற்று, சென்சார், மென்பொருள், கூடவே உடலியல். பெயரில் 'பயோ' இருப்பதால் வீட்டில் இரண்டையும் ஒன்றாக நினைப்பார்கள். பொறுமையாக விளக்கிவிடுங்கள்.

"எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதிலும் முழுசாகத் தெரியாது. மின்சுற்று என்றால் ஈ.சி.இ. படித்தவன் என்னைவிடக் கெட்டி. புரோகிராம் என்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ்காரன். பிறகு என்னை ஏன் எடுப்பார்கள்?" இந்தத் துறையில் படித்து வெளிவரும் அநேகமாக எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் அவர்கள் இருவருக்கும் வராத ஒரு கேள்வி உங்களுக்கு வரவேண்டும்: திரையில் தெரியும் இந்த எண்ணை நம்பலாமா? மின்சுற்றும் உடலும் சந்திக்கும் இடத்தில் என்ன பிழை நேரும் என்று தெரிந்தவர்தான் இதைக் கேட்க முடியும். உங்கள் நான்காண்டுப் படிப்பின் சாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் தெரிந்த கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் வழியே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஏறாத ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு இந்த இரண்டும் மாறும் விகிதத்தைக் கொண்டு கருவி கணக்குப் போடுகிறது. ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1974-இல் உலகுக்குச் சொன்ன யோசனை இது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, அவர்களின் தமனி ரத்தத்தையும் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தயாரித்த அட்டவணைதான் கருவிக்குள் இருக்கிறது. மனிதரை ஆபத்துக்கு உள்ளாக்க முடியாது என்பதால் சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே அப்படிச் சோதிப்பதில்லை. ஆக, திரையில் 60 என்று காட்டினால் அது நேரடிச் சோதனையில் சரிபார்த்த எண் இல்லை. கை சில்லிட்டிருந்தால் பிழை வரும். நகத்தில் அடர்த்தியான பாலிஷ் இருந்தாலும் வரலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் முக்கியமானது. கருவி 92 முதல் 96 என்று காட்டிய நேரங்களில், வெள்ளை நோயாளிகளிடம் எடுத்த ரத்தச் சோதனைகளில் 3.6 சதவீதத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது. கறுப்பின நோயாளிகளிடம் எடுத்தவற்றில் அது 11.7 சதவீதம். மாநிறமும் கறுப்பு நிறமும் கொண்ட மக்கள் வாழும் நம் ஊரில் இதை யோசிக்காமல் இருக்க முடியுமா?

நேர்காணலில் "ஆக்சிமீட்டரைப் பற்றிச் சொல்" என்றால் பலரும் இரண்டு ஒளிகளைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் அந்த எண் எப்போது பொய் சொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, மருத்துவமனையில் வேலை என்றால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பாடப்புத்தகத்தில் ஒரு மூலையில் கிடக்கும் கசிவு மின்னோட்டத்தை (கருவியின் மின்சாரத்தில் துளியளவு உலோக உடல் வழியாகவோ வயர் வழியாகவோ நோயாளிக்குள் பாய்வது) முதலில் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் தோல் ஓரளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். இதயம் வரை குழாய் செருகப்பட்ட நோயாளிக்கு அந்தக் காப்பு இல்லை. அதனால்தான் இதயத்தைத் தொடக்கூடிய பாகங்களுக்குச் சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஒரு பழுது நேர்ந்த நிலையில் 50 மைக்ரோ ஆம்பியர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எர்த் வயர் அறுந்திருந்தாலும் கருவி வழக்கம்போல ஓடும், நர்ஸுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அளந்து பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும்.

டிஃபிப்ரிலேட்டரும் அப்படித்தான். 200 ஜூல் என்று வைத்தால் உண்மையில் 170-க்கும் 230-க்கும் நடுவில் வரவேண்டும் என்பது உலகத் தரம் (15 சதவீதம் வரை கூடலாம், குறையலாம்). அனலைசர் (கருவியையே சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தால்தான் அது வருகிறதா என்று தெரியும். பேட்டரி பழசாகி, தேவைப்படும் நேரத்தில் சார்ஜ் ஏறாமல் போவதையும் இப்படி முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். இதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்வதற்குப் பெயர் பி.எம். (பழுதாகும் முன்பே செய்யும் பராமரிப்பு). எண்களைச் சரிபார்த்துத் திருத்துவது கேலிபிரேஷன். தரச் சான்று வாங்கியிருக்கும் மருத்துவமனைகள் இவை இரண்டுக்கும் பதிவேடு வைத்தாக வேண்டும். தொடக்க நாட்களில் அந்தப் பதிவேடுகள் பெரும்பாலும் உங்கள் கைக்குத்தான் வரும்.

"இது எழுத்தர் வேலை மாதிரி இருக்கிறதே?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பத்துக் கருவிகளின் ஓராண்டுப் பழுது விவரத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். எந்த வார்டில் புரோப் அடிக்கடி போகிறது, எந்த நிறுவனத்தின் பம்ப் நிற்கிறது, எங்கே ஆட்களுக்கு இயக்கத் தெரியவில்லை என்று அதுவே சொல்லிவிடும். அதை வைத்து அடுத்த ஆண்டுக் கொள்முதல் கூட்டத்தில் நீங்கள் பேசலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். "மெஷின் வேலை செய்யவில்லை" என்று வார்டிலிருந்து வரும் அழைப்புகளில் கணிசமானவற்றில் மெஷின் நன்றாகவே இருக்கும். கேபிள் உள்ளே முறிந்திருக்கும், ரத்த அழுத்தப் பட்டையில் காற்றுக் கசியும், ஃபில்டர் அடைத்திருக்கும், யாராவது அலாரத்தை அணைத்து வைத்திருப்பார்கள். சர்க்யூட் பலகையைக் கழற்றும் முன் இவற்றைப் பார்க்கப் பழகியவரை நர்ஸுகள் விரைவில் நம்பத் தொடங்குவார்கள். நைட் டியூட்டி நர்ஸிடம் மரியாதையாகப் பேசி "சிஸ்டர், எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்கத் தெரிவதும் ஒரு தொழில் திறமைதான். அதைக் கல்லூரியில் யாரும் கற்றுத் தருவதில்லை.

நிறுவனங்களில் என்ன வேலைகள் உண்டு? சர்வீஸ் இன்ஜினியர் என்றால் ஊர் ஊராகப் போய்க் கருவியை நிறுவி, பழுது பார்க்க வேண்டும். அலைச்சல் அதிகம், ஆனால் ஒரு கருவியை முழுவதும் திறந்து பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் கிடைக்கும். அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் என்பவர் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று டாக்டருக்கும் டெக்னீஷியனுக்கும் சொல்லிக் கொடுப்பவர். பேச்சும் உடலியல் அறிவும் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வடிவமைப்புப் பிரிவில் புதியவர்களுக்கு இடம் குறைவு. வளர்ந்துவரும் இன்னொரு பிரிவைப் பற்றி மாணவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. அது தரமும் சட்ட ஒப்புதலும் பார்க்கும் பிரிவு.

அது என்ன? நம் நாட்டில் 2017-இல் மருத்துவக் கருவிகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. 2018 ஜனவரி 1 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறார்கள். டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் பட்டை ஏ, ஊசி பி, வென்டிலேட்டர் சி, இதய வால்வு டி. முதல் இரண்டையும் நாட்டுக்குள் தயாரிக்க மாநில அதிகாரியும், அடுத்த இரண்டுக்கு மத்திய அதிகாரியும் உரிமம் தருவார்கள். ஆரம்பத்தில் சில கருவிகள் மட்டுமே இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 2020-க்குப் பிறகு எல்லாக் கருவிகளும் வந்துவிட்டன. ஏ வகையின் எளிய கருவிகள் சில நீங்கலாக, ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டுமென்றால் ஆவணம் வேண்டும், ஆவணம் எழுத ஆள் வேண்டும்.

வெளிநாட்டுக்காகவும் இங்கே இந்த வேலை நடக்கிறது. ஐரோப்பாவில் 2021 மே மாதம் முதல் புதிய, கடுமையான விதி நடைமுறைக்கு வந்தது. பழைய கருவிகளின் கோப்புகளையும் புதிதாக எழுத வேண்டியிருப்பதால், சென்னை, பெங்களூரு ஐ.டி. நிறுவனங்கள் சிலவற்றில் அதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன.

இதற்கு எதைப் படிக்க வேண்டும்? நான்கு எண்களை நினைவில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 13485, ஒரு கருவி நிறுவனம் தரத்தை எப்படி நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது. ஐ.எஸ்.ஓ. 14971, ஆபத்தை முன்கூட்டியே எடைபோடுவது. ஐ.இ.சி. 60601, மின்பாதுகாப்பு. ஐ.இ.சி. 62304, கருவிக்குள் இருக்கும் மென்பொருள். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் முன் இவற்றில் ஒன்றை உங்கள் கல்லூரிப் ப்ராஜெக்டிலேயே பயன்படுத்திப் பாருங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் என்றதும் முதலில் ஒரு கசப்பான விஷயம். காசு கொடுத்தால் ப்ராஜெக்ட், அறிக்கை, விளக்கப் படங்கள் எல்லாவற்றையும் கையில் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. வாங்கியிருந்தால் அதை ரெஸ்யூமேயில் போடாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது, மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, சின்னதாக இருந்தாலும் சொந்தக் கையால் செய்த ஒன்றை வையுங்கள்.

"என் ப்ராஜெக்ட் எல்லோரும் செய்ததுதான். ஒரு சென்சார், ஒரு சின்ன போர்டு, மொபைலில் இதயத் துடிப்பு தெரியும். இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். கருவியில் புதுமை இல்லைதான். ஆனால் அதை வைத்து ஒரு நல்ல வேலையை இன்றும் செய்யலாம். உங்கள் கருவியையும் ஒப்புதல் பெற்ற கருவி ஒன்றையும் ஒரே நேரத்தில் மாட்டி, நண்பர்கள் இருபது பேரிடம் அவர்கள் சம்மதத்தோடு அளந்து பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது, படியேறி வந்தபின், கையைக் குளிர்ந்த நீரில் வைத்தபின். இரண்டு கருவிகளும் காட்டிய எண்களின் வித்தியாசத்தை அட்டவணையாக்குங்கள். சராசரி வித்தியாசம் எவ்வளவு, மிக மோசமான வித்தியாசம் எவ்வளவு, எந்த நிலையில் அது வந்தது என்று எழுதுங்கள். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986-இல் பிரபலமாக்கிய ஒரு வரைபடம் இதற்கென்றே இருக்கிறது. அதைப் போடக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

நண்பர்களுக்குப் பதில் நோயாளிகளிடம் அளக்கலாமா? அனுமதியில்லாமல் கூடாது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் (நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வு சரியா என்று பார்க்கும் குழு) எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். வீட்டில் செய்த ஈ.சி.ஜி. கருவியின் எலக்ட்ரோடுகளை ஒருவர் மார்பில் ஒட்டிவிட்டு, சார்ஜரில் செருகிய லேப்டாப்போடு அதை இணைக்காதீர்கள். சார்ஜரில் பழுது ஏற்பட்டால் வீட்டு மின்சாரம் நேரே மார்புக்கு வரும். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மேலே சொன்ன ஐ.எஸ்.ஓ. 14971 கேட்பது இதைத்தான்: என்ன தப்பு நேரலாம், நேர்ந்தால் எவ்வளவு தீங்கு, அதைத் தடுக்க என்ன செய்தாய்? உங்கள் கருவிக்கு இந்த மூன்று கேள்விகளையும் வைத்து இரண்டு பக்கம் எழுதுங்கள். கல்லூரி முடித்து வரும் ஒருவரின் கையில் அப்படி ஒரு தாளைப் பார்ப்பது அபூர்வம்.

மென்பொருள் பக்கம் போனவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. "ஈ.சி.ஜி.யில் கோளாறான துடிப்பைக் கண்டுபிடிக்கும் மாடல், துல்லியம் 99 சதவீதம்" என்று எழுதியிருப்பீர்கள். தரவு எங்கிருந்து எடுத்தீர்கள்? பெரும்பாலும் எம்.ஐ.டி.-பி.ஐ.எச். தொகுப்பாக இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அதில் இருப்பவை 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். துடிப்புகள் லட்சத்துக்கும் மேல். மனிதர்களோ 47 பேர் மட்டும்.

இதில் என்ன பொறி? எல்லாத் துடிப்புகளையும் கலைத்துப் போட்டு, எண்பது சதவீதத்தைப் பயிற்சிக்கும் இருபது சதவீதத்தைச் சோதனைக்கும் எடுத்திருந்தால், ஒரே ஆளின் துடிப்புகள் இரண்டு பக்கமும் போய்விடும். மாடல் நோயைக் கற்றதா, அந்த ஆளின் ஈ.சி.ஜி. சாயலைக் கற்றதா என்று யாரும் சொல்ல முடியாது. புது நோயாளி வந்தால் தடுமாறும். ஆட்களைப் பிரியுங்கள். பயிற்சியில் இருந்தவர் சோதனையில் இருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் 99 சரிந்து விழும். விழட்டும். விழுந்த எண்ணை ரெஸ்யூமேயில் போட்டு, ஏன் விழுந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மருத்துவக் கருவி செய்யும் நல்ல குழு எதுவும் பளபளக்கும் எண்ணைவிட அந்த ஒரு வரியைத்தான் மதிக்கும். மூளைக் கட்டியை ஸ்கேன் படத்தில் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட்டுகளுக்கும் இதே கதைதான். ஒரே நோயாளியின் அடுத்தடுத்த படங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ரெஸ்யூமேயில் இதை எப்படி எழுதுவது? "இதயத் துடிப்பு கண்காணிப்புக் கருவி வடிவமைத்தேன், ஆர்டுவினோ, பைதான் தெரியும்" என்ற வரி ஆயிரம் பேரிடம் இருக்கிறது. "இதயத் துடிப்பு அளக்கும் கருவி செய்தேன். 20 பேரிடம் ஒப்புதல் பெற்ற கருவியோடு ஒப்பிட்டேன். ஓய்வில் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு வித்தியாசம், கை குளிர்ந்தபோது இத்தனை. பேட்டரியில் மட்டும் இயங்கும்படி அமைத்தேன்" என்பது உங்களிடம் மட்டும் இருக்கும். எண்களை உண்மையாகப் போடுங்கள். திறமைப் பட்டியலில் பதினைந்து மென்பொருள் பெயர்களை அடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சொல்ல முடிகிறவை மட்டும் இருக்கட்டும்.

சொந்தமாகக் கருவி வடிவமைக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால்? நல்ல ஆசை. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் இதய வால்வு வரலாற்றில் பாருங்கள். வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாதவர்களுக்காக அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே பொறியாளர்களும் டாக்டர்களும் சேர்ந்து உழைத்தார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும் பொருள் தேய்ந்தது, உடைந்தது. நான்காவது வடிவம்தான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பல ஆண்டு உழைப்பு அது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க, ஆயிரக்கணக்கான இதயங்களுக்குப் போயிருக்கிறது.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமாக 1992-இல் தொடங்கிய ஆரோலேபும் இதே பாதைதான். கண்புரை அறுவையில் பொருத்தும் செயற்கை லென்ஸ் அப்போது சுமார் நூறு டாலருக்கு விற்றது. ஆரோலேப் அதைச் சில டாலருக்குக் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்தில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவினர், உட்கார்ந்தபடி வந்து எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியையும் செயற்கை முழங்காலையும் உருவாக்கியிருக்கிறார்கள். இவை எல்லாம் நம் பக்கத்திலேயே நடக்கின்றன. பயிற்சிக்கு இடம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

எம்.டெக். உடனே படிக்கலாமா? கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் படிப்பு, மருத்துவமனையையும் ஆய்வகத்தையும் ஒருசேரக் காட்டுவது. அங்கே இடம் கிடைத்தால் போய்விடுங்கள். மற்றபடி, வீட்டில் பண நெருக்கடி இல்லையென்றாலும், ஓராண்டாவது மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போவதே நல்லது என்பேன். என்ன சிக்கலைத் தீர்க்க மேற்படிப்பு என்று அப்போதுதான் தெரியும்.

மெடிக்கல் கோடிங்குக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது, அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுக்காகக் குறியீட்டு எண் இடும் வேலை. கௌரவமான வேலை, சென்னையில் வாய்ப்பும் அதிகம். வீட்டுக்கு உடனே பணம் தேவை என்றால் தயங்காமல் போங்கள். ஆனால் கருவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்று ஆண்டு கழித்து "நான் வென்டிலேட்டர் பக்கம் வருகிறேன்" என்றால் புதியவராகவே தொடங்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பெண்களுக்கு ஒரு தனிக் கேள்வி வரும்: "சர்வீஸ் வேலையில் அலைச்சல், இரவில் போக வேண்டும், உன்னால் முடியுமா?" வீட்டிலும் கேட்பார்கள், நேர்காணலிலும் கேட்பார்கள். முடியும் என்றால் தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே பயணப்படி, இரவில் தங்குமிடம், வாகனம் பற்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிடிக்கவில்லை என்றால் தரப் பிரிவோ அப்ளிகேஷனோ எடுக்கலாம். உங்களைக் கேட்காமல் இன்னொருவர் முடிவு செய்ய மட்டும் விடாதீர்கள்.

அரசுப் பக்கம் என்ன இருக்கிறது? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கிக் கொடுக்கிறது. தேசிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2015 முதல் மாநிலங்களில் கருவிப் பராமரிப்புக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. இவற்றில் கிடைக்கும் பொறியாளர் வேலைகள் ஒப்பந்த அடிப்படையிலும் வரும். சேரும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஓராண்டு இருந்தால் பார்க்கும் கருவிகளின் வகை, பெரிய தனியார் மருத்துவமனையின் ஒரு பிரிவில் பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கும்.

"ஐந்து ஆண்டில் எங்கே இருப்பாய்?" என்று கேட்டால் என்ன சொல்வது? "நல்ல நிலையில்" என்று சொல்லாதீர்கள். ஒரு கருவிக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். மூச்சுக் கருவிகள், டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு, ஸ்கேன், எது உங்களை ஈர்க்கிறதோ அது. "முதல் ஆண்டில் வார்டுக் கருவிகள் எல்லாவற்றிலும் கை பழக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் மூச்சுக் கருவிகளைத் தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அளவுக்கு வர வேண்டும். பிறகு அதே கருவியின் வடிவமைப்பு அல்லது தரப் பிரிவுக்குப் போக வேண்டும்" என்று சொன்னால், எதிரே இருப்பவருக்கு உங்களை எங்கே வைப்பது என்று தெரியும். பின்னால் மனம் மாறினால் தப்பில்லை.

தொடக்கச் சம்பளம்? மருத்துவமனைகளில் குறைவுதான், மறைத்துப் பயனில்லை. ஐ.டி.க்குப் போன வகுப்புத் தோழர் உங்களைவிட அதிகம் வாங்குவார். குடும்பத்தால் ஓரிரு ஆண்டு தாங்க முடியுமா என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட்டு இறங்குங்கள். "வேலை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

கையில் எதுவும் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் மாதங்களில் என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் மருத்துவக் கருவிப் பராமரிப்பு, கொள்முதல் பற்றி ஒரு நூல் வரிசையை இலவசமாகத் தருகிறது. எளிய ஆங்கிலம்தான், பதிவிறக்கிப் படியுங்கள். உங்கள் ஊரின் பெரிய மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவு எங்கே என்று விசாரித்து நேரில் போங்கள். பெரும்பாலும் அடித்தளத்திலோ பின்கட்டிலோ இருக்கும். அங்கிருக்கும் மூத்தவரிடம், ஒரு நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

மத்திய அரசின் தேசிய பயிற்சிப் பணித் திட்டத்திலும் பதிவு செய்யுங்கள். பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சியும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் இதில் சேர முடியாது. எனவே மற்ற விண்ணப்பங்களுக்குக் காத்திருக்காமல் இதை முதலில் செய்துவிடுங்கள்.